சிட்டுக்குருவி லேகியமும் கைப்பேசியும்

எங்கள் குழுவில் இருவர் ஆவடிக்காரர்கள். நாள்தோறும் புறநகர் ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம் வரை சென்று திரும்புகிறவர்கள். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என வண்டி நின்று நின்று செல்கையில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தால், அது சென்று விழும் இடம் பெரும்பாலும் பெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டு ஸ்டிக்கராகத்தான் இருக்கும். மூலம், பௌத்திரம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, கீழே ஒரு கைப்பேசி எண். இந்த வரிசை எங்கள் கல்லூரிக் காலத்திலிருந்து மாறவில்லை. மாறியிருப்பது வேறொன்று. ஸ்டிக்கரிலிருந்து பார்வையைத் தாழ்த்தி எதிர் இருக்கை இளைஞனின் கைப்பேசியைப் பார்த்தால் (பார்க்கக் கூடாதுதான்), அதே அச்சம் அங்கே ஆங்கிலம் கலந்த தமிழில், மூளையின் வண்ணப் படத்துடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கைப்பழக்கம் என்ற பழைய குற்றவாளியின் இடத்தில் இப்போது ஆபாசப் படம் நிற்கிறது. தண்டனை மட்டும் அதேதான்.

ஆபாசப் படம் பார்க்கும் ஆணுக்கு விறைப்புத்தன்மை குறையுமா என்ற கேள்வியை, கவிதையும் கதையும் பேசும் இப்பக்கத்தில் எழுப்புவது சில வாசகர்களுக்கு உறுத்தலாம். எங்களுக்குத் தெரிந்த இருவரின் பொருட்டே எழுப்புகிறோம். இருவருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறோம்.

முதலாமவர் அம்பத்தூர்ப் பக்கம் ஒப்பந்த வேலையில் இருக்கும் 26 வயது இளைஞர். தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. எங்களில் மூத்தவரைத் தேடி வந்து, "அண்ணா, கல்யாணத்த நிறுத்தணும், நீங்கதான் வீட்ல பேசணும்" என்றார். காரணம் கேட்டதற்கு அழுகைதான் பதில். பதினாறு வயதிலிருந்து படம் பார்த்து வந்திருக்கிறார். இத்தனை ஆண்டு பார்த்தவனுக்கு மனைவியிடம் இயலாது என்று ஏதோ ஒரு காணொளி சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் தன்னைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இரண்டாமவருக்கு 43 வயது. ஷிப்டு வேலை, இரண்டு பிள்ளைகள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இந்த அச்சத்துக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. விந்து என்பது இரத்தத்தின் சாரம், அதை இழப்பவன் உயிரை இழக்கிறான் என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி வேரூன்றியது. 1960ஆம் ஆண்டில் உளநல மருத்துவர் என்.என். விக் இதற்குத் தாது நோய்க்குறி என்று மருத்துவப் பெயரே சூட்டினார். உடலில் குறையேதும் இல்லாத இளைஞர்கள் சோர்வு, கைகால் நடுக்கம், ஆண்மை போய்விட்டதென்ற துயரம் ஆகியவற்றுடன் வந்து நின்றதை அவர் கண்டார். இழப்பு கற்பனையானது, துன்பம் உண்மையானது. இந்த இடைவெளியில்தான் ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் காட்சி தரும் வைத்தியர்கள் பிழைத்தார்கள். சிட்டுக்குருவி லேகியமும் தங்க பஸ்பமும் அங்கிருந்து வந்தவையே. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இவர்களால் பட்ட அவமானம் தனிக்கதை.

பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டது. தீர்மானம் என்னவாயிற்று என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். சட்டம் என்னவாயிற்று என்பதை நாங்கள் தினமும் ரயிலில் பார்த்துக்கொள்கிறோம்.

ஆபாசமும் நமக்குப் புதிதல்ல. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பே சரோஜாதேவி என்ற பெயரில் வந்த மஞ்சள் புத்தகங்கள் நடைபாதைக் கடைகளில் செய்தித்தாளில் சுற்றிக் கைமாறின. பின்னர் காலைக் காட்சி மலையாளப் படங்கள், பர்மா பஜார் குறுந்தகடுகள், பிளைவுட் தடுப்பு வைத்த பிரவுசிங் சென்டர்கள். ஒவ்வொன்றுக்கும் காசும் துணிச்சலும் வேண்டியிருந்தன. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பதற்றமும் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் காசு, துணிச்சல், பதற்றம் மூன்றுமே தேவையற்றுப் போயின. போர்வைக்குள் முடிவற்ற காட்சிகள். ஆகவே, "நாங்களெல்லாம் பார்க்காததா" என்று பெரியவர்கள் சிரித்துக் கடப்பது சரியன்று. அளவு மாறியிருக்கிறது. அளவு மாறினால் குணமும் மாறுமா என்பதே கேள்வி.

மாறும் என்று உரக்கச் சொன்னவர்களில் முதன்மையானவர் கேரி வில்சன். மருத்துவர் அல்லர். 2012இல் கிளாஸ்கோவில் அவர் ஆற்றிய டெட் உரை உலகெங்கும் பரவியது. எல்லையற்ற புதுமைக்குப் பழகிய மூளை, மனைவியின் ஒரே உடலுக்குக் கிளர்ச்சி அடைய மறுக்கிறது; படத்தை நிறுத்தினால் மூளை மீளும் என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்கக் கடற்படை மருத்துவர்களும் அவரும் சேர்ந்து 2016இல் எழுதிய கட்டுரை, அப்படி மீண்ட சிலரின் மருத்துவக் குறிப்புகளை முன்வைத்தது. கேட்பதற்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. சிலரிடத்தில் உண்மையாகவும் இருக்கக் கூடும். ஆனால் சிலரின் அனுபவத்திலிருந்து அனைவருக்கும் விதி செய்ய இயலாதே.

பெருந்தொகையினரை ஆராய்ந்தபோது சித்திரம் மங்கலாகிறது. குரோவேஷியா, நார்வே, போர்ச்சுகல் இளைஞர்களைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, படம் பார்ப்பதற்கும் விறைப்புக் குறைபாட்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. 2019இல் ஜோஷுவா கிரப்ஸும் மாத்தேயுஸ் கோலாவும் அமெரிக்க ஆண்களிடையே செய்த ஆய்வில், எவ்வளவு பார்க்கிறார் என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. 'என் பழக்கம் என் கையை மீறிவிட்டது' என்று கருதியவர்களிடமே குறைபாடு கூடுதலாகத் தென்பட்டது. அவர்களையும் ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று நிறுவ முடியவில்லை. 2021இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இணையவழியே விசாரித்ததில், 35 வயதுக்குக் கீழே துணையுடன் உறவு கொண்டவர்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓரளவு குறைபாடு இருந்தது. கட்டுப்பாடிழந்து பார்ப்பவர்களிடம் அது மிகுந்திருந்தது. தாமாக முன்வந்து விடையளித்தவர்கள் என்பதால் இந்த எண்ணை இளைஞர் அனைவர் மீதும் ஏற்றிச் சொல்ல முடியாது. மேலும், துணையிடம் இயலாமையால் துவண்டவன் திரையிடம் போகிறானா, திரையிடம் போனதால் துவண்டானா என்ற முடிச்சும் இவற்றால் அவிழவில்லை.

எங்கள் துணிபு இதுதான்: பார்ப்பதாலேயே ஆண்மை போகும் என்பதற்குச் சான்று மெலிது. கட்டுமீறிப் போனவருக்குத் தொல்லை இருக்கிறது, அவருக்கு உதவி தேவை. இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் பெருங்கூட்டத்தை நலியச் செய்வது பெரும்பாலும் அச்சமே.

அச்சம் விறைப்பைக் கெடுக்கும் என்பதில் மருத்துவத்துக்கு ஐயமில்லை. அஞ்சும் உடலில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விறைப்புக்கு அவை விரிந்தாக வேண்டும். 1970இல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் இன்னொன்றைச் சுட்டிக் காட்டினார்கள். கலவியில் இருக்கும்போதே தன்னிலிருந்து விலகி நின்று, 'வருகிறதா, நிற்கிறதா' என்று தன்னைத் தானே வேடிக்கை பார்க்கும் நிலை அது. திரை வளர்த்த தலைமுறைக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பத்தாண்டுகளாகப் பார்வையாளனாக மட்டுமே இருந்தவன் படுக்கையறையிலும் பார்வையாளனாகவே நுழைகிறான். அங்கே நடிகனும் அவனே என்பதால் ஒப்பிடுகிறான், தோற்கிறான். இது எங்கள் ஊகம்தான், ஆய்வு முடிவு அன்று.

உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, கட்டுப்படுத்த இயலாப் பாலியல் நடத்தையை ஒரு கோளாறாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்திருக்கிறது: 'இது பாவம்' என்ற ஒழுக்க உறுத்தலால் மட்டுமே வரும் துயரத்தை இந்நோய் என்று கொள்ளலாகாது. நமக்கு மிகவும் வேண்டிய வரி இது. ஏனெனில் 'அடிமை' என்ற சொல்லை நாம் தாராளமாக வழங்குகிறோம். அம்பத்தூர் மகளிர் காவல் நிலைய வழக்கொன்றில் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், இத்தலைமுறை இப்பழக்கத்துக்கு அடிமையாகி வருவதாகவும், தண்டிப்பதைவிட ஆற்றுப்படுத்துவதே சமூகத்தின் கடமை என்றும் கூறியது. அவ்வழக்கு சிறார் தொடர்பானது. அது பழக்கமன்று, குற்றம். உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அத்தீர்ப்பை ரத்து செய்தது சரியே. ஆனால் ரத்து செய்த தீர்ப்பும் பாலியல் கல்வியின் தேவையை வலியுறுத்தியது. நம் இளைஞர்களுக்குக் கிடைக்கும் பாலியல் கல்வி ரயில் ஸ்டிக்கரும் அந்தக் காணொளியும்தான் என்பதைப் பார்க்கும்போது, மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்திய நாட்களில், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டாவது கேட்ட தலைமுறை கொடுத்து வைத்தது.

சொல்லும் கெடுக்கிறது. ஓர் உறுப்பின் இரத்த ஓட்டம் குறைந்தால் அதற்கு 'ஆண்மைக்குறைவு' என்று பெயரிடும் மொழியில், மருத்துவரிடம் போவதென்பதே ஆண் அல்லாமற் போவதாகிறது. பிறர் மனைவியை விரும்பாத மனவுறுதிக்கே வள்ளுவர் பேராண்மை என்று பெயர் தந்தார். அச்சொல்லை லேகிய டப்பாவுக்குள் அடைத்தவர்கள் நாம். ஒரு காலத்தில் இதையெல்லாம் பற்றிச் சிரிக்கவாவது தெரிந்திருந்தது. கி.ரா. திரட்டிய 'வயது வந்தவர்களுக்கு மட்டும்', கழனியூரனுடன் சேர்ந்து அவர் தொகுத்த 'மறைவாய் சொன்ன கதைகள்' இரண்டையும் வாசித்தவர்களுக்கு இது புரியும். கிராமத்து வாய்மொழி உடலைக் கண்டு வெட்கப்படவில்லை, பயமுறுத்தவும் இல்லை. எழுதப்பட்ட நம் நவீனப் புனைவோ மலடி என்று ஏசப்பட்ட பெண்ணின் கண்ணீரைப் பக்கம் பக்கமாக எழுதிற்று. இயலாத ஆணின் இரவை எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த 43 வயதுக்காரருக்கு வருவோம். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே தங்கியிருந்த சில ஆண்டுகளில் கைப்பேசியில் படம் பார்க்கும் வழக்கம் வந்தது. பிறகு மனைவி, பிள்ளைகள் ஆவடிக்கே வந்துவிட்டார்கள், இயலாமையும் வந்தது. 'செய்த தப்புக்குக் கிடைத்தது' என்று முடிவு கட்டினார். படத்தை நிறுத்தினார். தொண்ணூறு நாள் விரதம் என்று காணொளியில் சொன்னதையும் இருந்தார். பலனில்லை. ஒரு வைத்தியரிடம் ஓராண்டில் நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பொடியும் லேகியமும் வாங்கினார். (இத்தகைய பொடிகள் சிலவற்றில் வயாகராவின் மூலப்பொருளையே சொல்லாமல் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.) கடைசியில் காலில் ஆறாத புண்ணுக்காகப் போன இடத்தில் இரத்தம் பரிசோதித்தார்கள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. எத்தனை ஆண்டுகளாக என்று யாருக்கும் தெரியாது.

நீரிழிவு நரம்பையும் இரத்தக் குழாயையும் ஒருசேர அரிக்கும். ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. அடைப்பின் விளைவு அங்கே முதலில் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டக் கூடும் என்று இதய மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் இணைந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். அவர்களில் எத்தனை ஆண்கள் இந்த நிமிடம் தங்கள் கைப்பேசியைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறார்கள்? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வாசலில் நிற்கும் பெண் ஊழியரிடம் இதைச் சொல்லும் ஆணை எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

26 வயது இளைஞரைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றார் இளைஞர். அப்படியானால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நலம், பயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று உளநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார். தையில் நடக்கவிருந்த திருமணம் வைகாசியில் நடந்தது. இப்போதும் எப்போதாவது படம் பார்ப்பதாகவும், முன்போல் இல்லை என்றும் தலையைக் குனிந்தபடி சொன்னார். நாங்கள் மேலே கேட்கவில்லை.

மூத்தவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. மற்றது முழுதும் திரும்புமா என்பதை மருத்துவர் உறுதி சொல்லவில்லை. அவரோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பிறகு யாரையும் பாராமல் சொன்னார்: "ஒன்றரை வருஷமா என்னைப் பிடிக்காமப் போச்சுனு நெனச்சிட்டிருந்தேன்."