குடல் புற்றுநோய்: அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வருமா? விடை சொல்லும் ஒரு மரபணு

ஆரணியில் தறி பார்த்தவர்களுக்கு ஜக்கார்டு பெட்டி தெரியும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும்பும். சேலையில் டிசைன் விழும். அட்டை கிழிந்தால் டிசைன் கெடும். அட்டை நன்றாகவே இருந்து, ஓட்டை மேல் யாராவது டேப் ஒட்டிவிட்டாலும் டிசைன் கெடும். பெருங்குடல் புற்றுநோயிலும் கிட்டத்தட்ட இதுதான் கதை.

எந்த அட்டை கெடுகிறது?

செல்கள் கண்டபடி பெருகாமல் பிரேக் போடும் மரபணுக்கள் நம் உடலில் உண்டு. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள். பெரும்பாலும் இரண்டுமே செயலிழந்தால்தான் பிரேக் பிடிக்காமல் போகும். குழந்தைகளின் கண் புற்றுநோயை ஆராய்ந்து ஆல்ஃபிரட் நட்சன் 1971-ல் சொன்ன கருத்து இது.

குடலில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்ற மரபணு. அப்போது உருவாவது சின்ன பாலிப் கட்டிதான். டிபி53 போன்ற மற்ற பிரேக்குகளும் போய் அது புற்றுநோயாக மாற பொதுவாகப் பல வருஷம் ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபியில் பாலிப்பை எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

கிழிசலா, டேப்பா?

மரபணுவின் எழுத்தே மாறினால் அது 'கிழிசல்'. எழுத்து மாறாமல், மரபணுவின் தொடக்கத்தில் மீத்தைல் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதை அமைதியாக்கினால் அது 'டேப்'.

எம்எல்எச்1 என்ற மரபணுவில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். டிஎன்ஏ-வில் வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்துவது இதன் வேலை. 100 குடல் புற்றுநோய்களில் சுமார் 15-ல் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். அதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் டேப்தான். அது வயதாக ஆக வருவது. பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போகாது.

ஆனால் சுமார் 3 பேருக்கு இது பிறவியிலேயே வந்த கிழிசல். இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். இவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டியின் பயாப்ஸி மாதிரியிலேயே எம்எல்எச்1 புரதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் மீத்தைல் பரிசோதனை அல்லது பிராஃப் மரபணுப் பரிசோதனை. அதிலும் விடை கிடைக்காவிட்டால் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. திருத்தும் வேலை நின்றுபோன கட்டிகளுக்கு இம்யூனோதெரபி நன்றாகக் கேட்கும் என்பதால் சிகிச்சைக்கும் இது உதவும்.

ஆரணிக்காரர்கள் என்ன செய்யலாம்?

வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்கள் அரசின் ஸ்கிரீனிங் திட்டத்தில் உள்ளன. குடல் புற்றுநோய் அதில் இல்லை. அதனால் மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலமா இருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உறுதியானால், 'எம்எம்ஆர் டெஸ்ட் பண்ணியாச்சா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். மரபணு ஆலோசனைக்குப் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சி இருக்கிறது.

லிஞ்ச் உறுதியானவர்கள் 20-25 வயதிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். டேப்தான் காரணம் என்று தெரிந்தால், 'நமக்கும் இருக்குமோ' என்ற பயம் இல்லாமல் பிள்ளைகள் அப்பாவின் சிகிச்சையைக் கவனிக்கலாம்.