சாணத்தில் எழும் வாயு



"ஹஸ்ரத், மாட்டுச் சாணத்தில் ரொக்கட் ஓடுதாமே?" என்று மத்ரஸாவில் ஒரு மாணவி கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் தைகி என்ற ஊரில், 2023 டிசம்பரில் இன்டர்ஸ்டெல்லர் டெக்னாலஜிஸ் என்னும் கம்பனி, அயற்பண்ணைகளின் சாணத்திலிருந்து பெற்ற மெதேனைத் திரவமாக்கி, ஒரு ரொக்கட் எஞ்சினைச் சுமார் 10 செக்கன் எரித்துப் பார்த்தது. பறக்கவில்லை, எரிந்தது.

மெதேனை ஏன் தேடுகிறார்கள்? மண்ணெண்ணெய் எரிந்தால் எஞ்சினில் கரி படியும். ஐதரசனைத் திரவமாக்க -253 பாகை செல்சியஸ் வரை குளிரூட்ட வேண்டும். மெதேனுக்கு -162 போதும். அமெரிக்காவின் ஸ்டார்ஷிப்பும் மெதேனில்தான் கிளம்புகிறது. அது நிலத்தடி வாயு.

மாட்டின் மெதேன் பூமியைச் சூடாக்குகிறது என்கிறார்களே, அதில் பெரும்பங்கு சாணத்திலிருந்து வருவதல்ல. வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்கும்போது உண்டாகி, ஏப்பத்தோடு வாய்வழியே போய்விடுகிறது. (சூரத்துந் நஹ்லின் 66ஆம் வசனம் பாலைப் பற்றிக் கூறுமிடத்தில் வரும் 'ஃபர்ஸ்' இந்த வயிற்றுப் பொருளே.) நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. ஆனால் வன்னிக் காட்டோரம் மேயும் பட்டிமாட்டின் வாயில் யார் குழாய் மாட்டுவது? நம் கைக்கு எட்டுவது சாணம் மட்டும். காற்றுப் புகாத தொட்டியில் அதை நீரோடு கரைத்து விட்டால் மெதேன் தானே எழும். இரவில் நாலைந்து மாடுகள் கட்டும் வீடென்றால் ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் போதும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

"நஜிஸிலிருந்து வரும் வாயுவில் சமைக்கலாமா?" என்று ஒரு சகோதரி தயங்கினார். நல்ல கேள்வி. நம் ஷாஃபிஈ மத்ஹபில் சாணம் நஜிஸ்தான். ஆனால் நஜிஸை நெருப்பிலிட எழும் புகை வேறு, நெருப்பின்றித் தானாக எழும் ஆவி வேறு என்று சட்ட நூல்கள் பிரித்துக் கூறுகின்றன. முன்னையது நஜிஸ்; பின்னையது சுத்தம். தொட்டியில் வாயு தானாக எழுகிறது, நெருப்பு பிறகுதான் வருகிறது. ஆகவே தாராளமாகச் சமையுங்கள். வராட்டி அடுப்பில் ஆக்கிய நம் உம்மம்மாமாருக்கு இருந்த சங்கடம்கூட உங்களுக்கு இல்லை.

சாணம் கரைத்த கையையும் உடுப்பையும் கழுவிய பின்பே தொழுகைக்கு நில்லுங்கள். தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசல் நல்ல பசளை, ஆனால் அதுவும் நஜிஸ்தான். அது பட்ட கீரையை நன்றாகக் கழுவிச் சட்டியில் போடுங்கள்.