மெட்டைப் பிடுங்கின கிடார்

எனக்கு வயசு ஐம்பத்து மூணு. மணிமங்கலம் பக்கத்துல கொஞ்சம் நெல்லும் கீரையும்தான் பொழப்பு. ரெண்டு வருஷமா சாயங்காலத்துல பேஸ் கிடார் கத்துக்கிட்டு வர்றேன். அதுலயும் ஃப்ரெட் இல்லாத கிடார். ஊர்ல சிரிக்காத ஆள் இல்லை. "மாடு கூடுதலா பால் கறக்குதா?"ன்னு டீக்கடையில கேக்குறாங்க. கேட்டுட்டுப் போகட்டும்.

ஃப்ரெட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கிடார் கழுத்துல குறுக்கே வரிசையா பதிச்சிருக்கிற கம்பிதான் அது. வீணைக்காரங்க மெட்டுன்னு சொல்லுவாங்க. வீணையில 24 மெட்டு, மெழுகுல பதிச்சிருக்கும். விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வெச்சாலும், சுருதி சரியா வர்றதை அந்தக் கம்பி பார்த்துக்கும். அது இல்லைன்னா எல்லாம் உங்க விரல் பாடு, காது பாடு.

நான் ஆசைப்பட்டு வாங்கின சாமான் இல்லை இது. எங்க அக்கா வீடு முடிச்சூர்ல. அக்கா மகன் மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிச்சுக்கிட்டு இருந்தான். 2015 டிசம்பர்ல அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ கிடாரும் தண்ணிக்குள்ள நின்னுச்சு. கம்பியெல்லாம் துருப்பிடிச்சு, பாதி தூக்கிக்கிச்சு. அவன் வேலைக்கு வெளிநாடு போயிட்டான். "மாமா, தூக்கிப் போட மனசு வரலை, நீங்க வெச்சுக்கோங்க"ன்னான். பழுது பார்க்கிறவர், "புது ஃப்ரெட் போட்டா கிடார் விலையைத் தாண்டிடும். பிடுங்கிட்டு வழவழன்னு ஆக்கித் தரட்டுமா?"ன்னு கேட்டார். கம்பி இருந்த பள்ளத்துல வெள்ளை மரச்சீவல் வெச்சு அடைச்சு, மேலே எபாக்சி பூசித் தந்தார். கம்பி போச்சு, கோடு மட்டும் நின்னுச்சு.

அமெரிக்காவுல ஜாகோ பாஸ்டோரியஸ்னு ஒருத்தர் இதே மாதிரி தன் பேஸ்ல இருந்த ஃப்ரெட்டை எடுத்துட்டு, படகுக்குப் பூசுற எபாக்சியைப் பூசித்தான் வாசிச்சாராம். 1976-ல அவர் போட்ட முதல் ஆல்பத்துக்கு அப்புறம்தான் உலகமே இந்தச் சத்தத்தைத் திரும்பிப் பார்த்துச்சு. அவர் தேடிப் போய்ப் பிடுங்கினார். எனக்கு வெள்ளம் பிடுங்கிக் குடுத்துச்சு.

பேஸ் மேல எனக்கு ஆசை வந்ததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இருபத்தஞ்சு வருஷம் டீசல் எஞ்சினும் பவர் டில்லரும் ஓட்டின காது இது. தாம்பரத்துல காது டாக்டர்கிட்ட காட்டினப்போ, "மேல் சத்தம் போயிடுச்சு, கீழ் சத்தம் நல்லாத்தான் இருக்கு"ன்னார். பேத்தி பேசுறது பாதி புரியாது. இளையராஜா பாட்டுல வயலின் மங்கலாத்தான் கேக்குது, ஆனா அடியில ஓடுற பேஸ் மட்டும் நெஞ்சுல வந்து நிக்குது. பேஸ்ல தடிச்ச தந்தியோட சத்தம் நொடிக்கு 41 அதிர்வுதான். மிச்சம் இருக்கிற காதை வெச்சு எதைக் கேக்க முடியுமோ அதைக் கத்துக்கலாம்னு தோணுச்சு.

தாம்பரத்துல ஒரு கிளாஸுக்குப் போனேன். "யாரைச் சேர்க்கணும், பேரனையா?"ன்னு கேட்டாங்க. எனக்குத்தான்னு சொன்னதும் அந்தப் பொண்ணு வாய்க்குள்ள சிரிச்சுது. உள்ளே பத்துப் பிள்ளைங்க, எல்லார் கையிலயும் கிரேடு பரீட்சைப் புத்தகம். ஒரு பையன் கிடார் கிளிப்புல எரியுற பச்சை விளக்கையே பார்த்துக்கிட்டு வாசிச்சான். விளக்கு சொன்னாத்தான் அவனுக்குச் சரி. நான் திரும்பி வந்துட்டேன். அப்புறம் சர்ச்சுல பேஸ் வாசிக்கிற தம்பி ஒருத்தர் ஞாயிறு மத்தியானத்துல சொல்லிக் குடுத்தார்.

அவர் முதல்ல சொன்னது: ஃப்ரெட் இருந்தா விரலைக் கம்பிக்குப் பின்னால வைக்கணும், இதுல கோட்டு மேலேயே வைக்கணும். சரின்னு கோட்டைப் பார்த்துப் பார்த்து வெச்சேன். ஆறு மாசம் அபஸ்வரம்தான். ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. நாம மேலேருந்து எட்டிப் பார்க்கிறோம், கோடு கண்ணுக்குத் தள்ளித் தெரியும். தலைப்பக்கம் கட்டத்துக்குக் கட்டம் ரெண்டு இஞ்சு, நடுவுல வந்தா ஒரு இஞ்சு. மேலே போகப் போக, ஒரு நூல் தப்பினாலும் காதுல குத்தும்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு. ஆம்ப்ளிஃபயர் ஓடலை, கோடும் தெரியலை. கிடார் உடம்பு மேல தாடையை வெச்சுக்கிட்டு வாசிச்சேன். சத்தம் எலும்பு வழியா உள்ளே வந்துச்சு. தடிச்ச தந்தியில அஞ்சாவது கோடு இருக்கிற இடமும், அடுத்த தந்தியைச் சும்மா மீட்டினா வர்ற சத்தமும் ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து மீட்டினேன். "வொய்ங்... வொய்ங்"னு அலை அடிச்சுது. அட, இது நமக்குத் தெரிஞ்ச சத்தமாச்சே! பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மோட்டார் கொஞ்சம் வேகம் மாறி ஓடினா கிணத்து மேட்டுல கேக்குமே, அதே அலை. விரலை ஒரு முடி அளவு நகர்த்தினேன். அலை மெதுவாச்சு, அப்புறம் நின்னே போச்சு. ஆறு மாசம் கண்ணால தேடினதை இருட்டுல காது கண்டுபிடிச்சுது.

அதனால என் கருத்து இதுதான். பிள்ளைங்களைப் பாட்டு கிளாஸுக்கு அனுப்புற அப்பா அம்மாக்களே, சர்ட்டிஃபிகேட்டுக்கு முன்னாடி காதைப் பழக்கச் சொல்லுங்க. எந்தச் சுரத்தை வாசிக்கப் போறானோ அதை முதல்ல வாயால பாடட்டும், அப்புறம் விரலை வைக்கட்டும். அந்தப் பச்சை விளக்கு தந்தியை முறுக்கிச் சேர்க்கிற வரைக்கும் போதும், அப்புறம் கழட்டி வெச்சிடட்டும். ஃப்ரெட் தப்புன்னு நான் சொல்ல வரலை. வீணையில மெட்டு இருந்தாலும், தந்தியை இழுத்துக் கமகம் பண்றவங்க காதாலதானே பண்றாங்க? வயலினுக்கு மெட்டே கிடையாது. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்கிட்ட அதைக் கத்துக்கிட்டு, 200 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்துட்டார். மெட்டு இல்லாம வாசிக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை.

போன மார்கழியில பெருமாள் கோயில் பஜனைக்கு என்னையும் கூப்பிட்டாங்க. அன்னைக்கு ஆர்மோனியக்காரருக்குக் காய்ச்சல். பாடுற தாத்தாவுக்கு எண்பது வயசு இருக்கும். பிடிச்சுக்க சுருதி இல்லாததால, மூணாவது பாட்டுலயே கீழே இறங்க ஆரம்பிச்சிட்டார். வழக்கமா யாராச்சும் "ஏத்திப் பாடுங்க"ன்னு அதட்டுவாங்க. நான் சும்மா மீட்டுற தந்தியைத் தொடாம, விரலை அவர்கூடவே கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டே போனேன். மெட்டு இருந்திருந்தா அந்த இடத்துல என்னால நின்னிருக்க முடியாது.

பஜனை முடிஞ்சு பொங்கல் வாங்குறப்போ தாத்தா என்கிட்ட, "இன்னைக்கு மூச்சு வாங்கலைடா"ன்னார். அவ்வளவுதான். கிளாஸ்ல குடுக்கிற சர்ட்டிஃபிகேட் எனக்கு வேணாம், இது போதும். ஆனா மேல் தந்தியில ஏழாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்னும் தப்புது. நாத்து நட்டு முடிச்சதும் உட்காரணும்.