பதினாறாம் நாள்

நம் புதுச்சேரியில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து பேசும் பிள்ளைகள் யாராவது, "மாமா, இப்ப ஷொமாழ்ல இருக்கேன்" என்று சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடும். வேலை போய்விட்டது, காப்பீட்டிலிருந்து மாதாமாதம் ஏதோ வருகிறது என்று அர்த்தம். பள்ளியில் நாங்கள் படித்த அந்த பிரெஞ்சுச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. உச்சி வெயிலில் வேலையை நிறுத்திவிட்டு இளைப்பாறுவது என்பதுதான் அதன் பழைய பொருள்.

வேலை இழந்தவனுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை நிழல் என்றே நான் நினைப்பதுண்டு. நிழல் வெயிலடிக்கும்போது வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பந்தல் போட்டுக் கொடுத்து என்ன பயன்? இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏனென்றால், ஒருவருக்கு அப்படித் தாமதமாகப் பந்தல் போட்டவன் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் எந்த அலுவலகத்தில் இருந்தேன் என்பது இப்போது முக்கியமில்லை. மூடிக்கிடந்த ஒரு தொழிற்கூடத்தின் ஆட்களுக்கு இடைக்கால உதவித்தொகை கொடுக்கும் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. அதில் முருகேசன் என்று ஒருவர். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். அவருடைய பிறப்புப் பதிவு பிரெஞ்சுக்காரர் காலத்தது. முதலாளி வைத்திருந்த வருகைப் பதிவேடோ ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சில் நம் உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடுவார்கள். பெயரின் கடைசியில் ஓர் ஈ-யும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இவை கிடையாது. ஆகவே ஒரே முருகேசன் காகிதத்தில் இரண்டு ஆளாகத் தெரிந்தார்.

எங்கள் செக்‌ஷனில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அதனால்தான் அந்தக் கோப்பையே என்னிடம் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பெயர்தான் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. என் பெயருக்கே அப்படி இரண்டு எழுத்துக்கோவை உண்டு. இருந்தும், "பெயர் பொருந்தவில்லை, உரிய சான்று வைக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

அது நவம்பர் மாதம். இரு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கிவர அவருக்கு ஆறு வாரம் ஆயிற்று. வந்ததும், ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை என்று மறுபடி அனுப்பினேன். அதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு மேலே போன கோப்பு ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. மார்ச் 31 வந்தது. செலவாகாத ஒதுக்கீடு காலாவதி ஆனது. புது வருடத்து ஒதுக்கீடு வந்து, ஒப்புதல் வந்து, பட்டுவாடா நடந்தபோது ஆகஸ்டு.

பணம் வாங்க வந்த முருகேசன் என்மேல் கோபப்படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பையன் படிப்ப நிறுத்திட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்கய்யா. இது முன்னாடியே வந்திருந்தா பரீட்சை மட்டுமாவது எழுதியிருப்பான்" என்றார். அவ்வளவுதான். நோட்டுகளை எண்ணி மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் பகையில்லை. கை நீட்டும் பழக்கமும் இல்லை. காரணம் பயம். தவறான ஆளுக்கு ஒரு ரூபாய் போய்விட்டால் தணிக்கையில் கேள்வி வரும், என் சம்பளத்தில் பிடிப்பார்கள். சரியான ஆளுக்கு ஒன்பது மாதம் பணம் போகாவிட்டால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். எந்தக் குமாஸ்தாவும் எந்தப் பக்கம் சாய்வான்?

சரிபார்க்காமல் வாரிக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். பொய்ப் பெயரில் வாங்குபவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். சரிபார்க்கட்டும். ஆனால் குறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லட்டும், நாளையும் எண்ணட்டும். நாம் மின்சாரக் கட்டணம் கட்டத் தாமதித்தால் அபராதம் உண்டு. வருமான வரி தாமதித்தால் வட்டி உண்டு. அரசாங்கத்துக்கு நாள் எண்ணத் தெரியாமல் இல்லை. நம் பக்கத்துத் தாமதத்தை மட்டும் எண்ணுகிறது.

எண்ணச் சொன்ன சட்டங்களும் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 30 நாளுக்குள் பணிக்கொடையைக் கொடுக்காத முதலாளி வட்டியோடு கொடுக்க வேண்டும் என்றது. அந்த வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம். 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலை கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, அதற்குப் பிறகு பாதி, வேலையில்லாப் படியாகத் தரவேண்டும் என்று எழுதினார்கள். செய்த வேலைக்கான கூலி 15 நாளைத் தாண்டினால், பதினாறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈட்டுத்தொகை என்றும் விதி வந்தது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஐம்பது காசு. தொகை சின்னதுதான். ஆனால் பதினாறாம் நாள் தவறு என்று காகிதத்தில் ஏறிவிடுகிறது. என் மேசையில் அப்படி ஒரு நாள் இருந்திருந்தால் அந்த பிரெஞ்சு எழுத்துகளை நான் வேறு விதமாகப் படித்திருப்பேன்.

தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 2018 ஜூலையிலிருந்து வேலை இழப்பு நிவாரணம் ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் அதைச் சராசரி தினக்கூலியில் 25 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்கு. முதலாளி வழியாகப் போகாமல் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் மாற்றினார்கள். நல்ல மாற்றம். தினக்கூலி 400 ரூபாய் என்றால் மொத்தம் 18,000 வரும். ஒரு குடும்பத்துக்கு மூன்று மாத அரிசியும் வாடகையும் அது. இப்படிப்பட்ட எல்லா நிவாரணத்துக்கும், கேட்காமலே சேரும் தாமத வட்டி என்று ஒரு வரி வேண்டும் என்பதே என் கருத்து. தாமதம் எந்த மேசையில் நடந்தது என்பதும் அதில் பதிவாக வேண்டும்.

அது வரும்வரை நம்மால் ஆவதும் உண்டு. 2020 அக்டோபரில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், சேதராப்பட்டில் பார்த்த வேலை போய், விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். முதலில் பெயரைத்தான் பார்த்தேன். ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால். "இத சரி பண்ணிட்டு அப்புறம் குடுப்பா" என்று வங்கிக்கு அனுப்பினேன். அவனுடைய வங்கி வேறொரு வங்கியோடு இணைந்திருந்ததால், கிளையின் குறியீட்டு எண் மாறுமா என்றும் கேட்டுவரச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே என்றேன். பணம் வந்ததும் இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கோப்பு எங்கே சிக்கும் என்று நம்மைவிடத் தெரிந்தவர் யார்? காலையில் பேப்பர் படித்த பிறகு உங்களுக்கும் எனக்கும் நேரம் இருக்கிறது. வேலை போன பிள்ளை தெருவில் யாராவது இருந்தால் கூப்பிட்டு, படிவத்தை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.