காலணியைக் கழற்ற மறுத்த புதுவை வக்கீல்

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு விவசாயிகள் விளைபொருளைக் கொண்டு வருகிறார்கள். தொழிற்பேட்டைக்கு ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். எல்லோர் காலிலும் செருப்பு இருக்கிறது. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் இதே புதுவையில் ஒரு வக்கீல், தம் காலணிக்காகப் பாரிஸ் நகரம் வரை வழக்காட வேண்டியிருந்தது. அது 1873-ம் ஆண்டு. அவர் பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை.

கடல் கடந்த வழக்கு

அப்போது புதுவையை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பது அவர்கள் நாட்டின் முழக்கம். அந்த முழக்கம் கோர்ட்டு வாசலிலேயே நின்று விட்டது. வெள்ளைக்காரரைப் போலக் காலணி அணிந்து கோர்ட்டுக்கு வந்தார் பொன்னுத்தம்பி. "இது மரியாதைக் குறைவு" என்று அவரைத் தடுத்தார்கள்.

காலணியைக் கழற்றி வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவர் கழற்றவில்லை. பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டு போனார். வென்றார்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1893-ல், தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோர்ட்டில் காந்தியடிகளிடம் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து வெளியேறினார். இங்கே காலணி, அங்கே தலைப்பாகை. ஒரு மனிதனைத் தாழ்த்த நினைப்பவர்களுக்கு எதுவும் சாக்குதான்.

கதவு திறந்தது, ஆனால்?

1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, சமய வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறக்கும் இந்தியர், பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அப்படி வருகிறவர் ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கதவு' என்று பொருள்.

சாதிக் கொடுமையில் நொந்த பலர் அந்தக் கதவை நம்பி வந்தார்கள். ஆனால் 1884-ல் வாக்காளர் பட்டியலையே மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல். துறந்தவர் ஒரு பட்டியல். துறக்காதவர் இன்னொரு பட்டியல். சட்டம் ஒன்றானாலும் வரிசை ஒன்றாகவில்லை!

செருப்பும் சட்டமும்

இது பழங்கதை என்று தள்ளிவிடலாமா? முடியாது.

திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் அருகே ராஜாவூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தெருவில் தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று எழுதாத கட்டுப்பாடு இருந்தது. 2023 டிசம்பரில்தான் அவர்கள் ஒன்றுகூடி அதை மீறி, செருப்புக் காலோடு நடந்தார்கள். பொன்னுத்தம்பி பாரிஸில் வென்று 150 ஆண்டுகள் ஆன பிறகு!

வெள்ளைக்காரர் செய்தால் அநீதி. நம்மவர் செய்தால் வழக்கமா?

1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சாசனம், தன் 17-வது பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்க 1989-ல் தனிச் சட்டம் வந்தது. 2015-ல் அதைத் திருத்தி, 2016 ஜனவரி முதல் இன்னும் கடுமையாக்கினார்கள். பொது இடத்தில் செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, சைக்கிள் ஓட்டுவதை, கல்யாண ஊர்வலம் போவதைச் சாதி காரணமாகத் தடுத்தால் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. வழக்கை நடத்தச் சிறப்பு கோர்ட்டும் சிறப்பு அரசு வக்கீலும் உண்டு.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

வீட்டுக்கு வீடு சட்டப் பாடம்

புதுவையில் சட்டம் கற்பிக்கும் பள்ளி 1838-லேயே தோன்றியது. இன்று காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அம்பேத்கரும் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1935-ல் அதன் முதல்வரானவர். சட்டத்தை எழுதியதோடு நிற்காமல் கற்றும் கொடுத்தார்.

ஆனால் சட்டம் கல்லூரிக்குள்ளேயே இருந்தால் போதாது. அந்தக் காலத்தில் உரிமையைக் கேட்கச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலால் முடிந்தது. செருப்போடு நடக்க அஞ்சிய மற்றவர்கள் அஞ்சியபடியே இருந்தார்கள். இன்று அந்த அச்சத்துக்கு இடமில்லை. சட்டம் தமிழிலும் கிடைக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படிக்காத அண்டை வீட்டாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் தெருவில் ஒருவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னால், அவருக்காக முதலில் பேச வேண்டியவர், யாரும் கழற்றச் சொல்லாத நாம்தான்.