தீர்ப்பை எழுதியவர் யார்?

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைப் பற்றி நாம் மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பது ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: கொடுங்கோலன். அச்சொல் பொய்யன்று, ஆயின் முழு உண்மையும் அன்று என்பதே என் கருத்து.

கண்ணுச்சாமி என்னும் அவ்விளைஞனை 1798ஆம் ஆண்டில் அரியணை ஏற்றியவன் முதன்மந்திரி பிலிமத்தலாவை. தன் சொற்படி ஆடும் பாவையை அவன் விரும்பினான், பாவையோ அரசனாகிவிட்டது. பகை முற்றிப் பிலிமத்தலாவை மரண தண்டனை பெற்றான். அவனுக்குப்பின் வந்த எகலப்பொலை 1814இல் கிளர்ந்தெழுந்து, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபோது, அவன் மனைவி மக்களை மன்னன் கொன்றான். அக்கொலைக்கு எந்த நியாயமும் இல்லை.

எனினும், அக்குற்றத்தைக் காட்டி நாட்டைப் பெற்றவர் யார்? 1815 பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் ஓர் உடன்படிக்கை செய்தனர். அது மன்னனின் கொடுமைகளைக் கூறியதோடு அமையவில்லை. 'மலபார்' இனத்தார்க்கே அரசுரிமை இல்லையெனவும் விதித்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஓர் இனமே தண்டனை பெற்றது. அதே ஏட்டில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்துக்களில் ஒப்பமிட்டிருப்பதை என்னென்பது! அந்நியர் எனப்பட்ட அந்நாயக்கர் மரபு 1739 முதல் அங்கு ஆண்டது; 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்தைப் புதுப்பித்ததும் அம்மரபே.

கட்டைபறிச்சானில் வாழும் எமக்கு இஃது அயலார் கதையன்று. கொட்டியாரக் கரை ஒரு காலத்தில் கண்டியின் கடல்வாயில். 1660இல் இராபர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டது இங்கேதான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர்க்குச் சென்றது. பின்னர் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1803இல் கண்டிமீது சென்ற இரு படைகளுள் ஒன்று திருக்கோணமலையிலிருந்தே புறப்பட்டது. கடலிழந்து நாற்புறமும் அடைபட்ட நாட்டுக்கே அவ்விளைஞன் முடிசூடினான். வீழ்ச்சியின் பாதி அவன் பிறக்குமுன்பே நிகழ்ந்துவிட்டது.

வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்த அவனை நல்லவனாக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆசிரியர்கள் அவன் குற்றங்களை மறைக்காமற் சொல்லட்டும். அவற்றைப் பட்டியலிட்டவர் பெற்ற ஆதாயத்தையும் உடன் சொல்லட்டும். இரண்டையும் கேட்ட மாணவன் தானே தீர்ப்புக் கூறுவான். வரலாறு கற்பதன் பயன் அதுவன்றோ?