கோணல் பல்: நாலு வயதில் அலட்சியம், ஏழு வயதில் பீதி!

பையனுக்குப் பால் பல் விழுந்துவிட்டது. பாட்டி அதைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறியச் சொல்கிறாள். மண்ணூர்பேட்டையில் இன்று கூரை வீடு ஏது? பையன் மொட்டை மாடிக்கு ஓடுகிறான். எறிந்துவிட்டு வருகிறான். விழுந்த பல் வானத்தைப் பார்க்கக்கூடாதாம். பார்த்தால் புதுப் பல் முளைக்காதாம்!

புதுப் பல் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால், நேராக முளைக்கவில்லை. ஒன்று முன்னே நிற்கிறது. ஒன்று பின்னே நிற்கிறது. நடுவில் ஒரு சந்து!

தாய்க்குத் தூக்கம் போய்விடுகிறது.

"ஐயோ, பிள்ளையின் முகமே மாறிவிட்டதே! உடனே கம்பி போட வேண்டுமோ? எவ்வளவு செலவு ஆகுமோ?"

தகப்பன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். கம்பி போட்டால் பல பத்தாயிரம் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா, சீட்டை ஏலம் எடுக்கலாமா என்று அவர் யோசிக்கிறார்.

மண்ணூர்பேட்டையில் மட்டும் அல்ல. பாடி, கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி எங்கும் இதே கதைதான்.

இந்தக் கவலை நியாயமானதா? பாதி நியாயம். பாதி வீண். வீணான பாதியை முதலில் தள்ளிவிடலாம்.

பெரிய பல், சின்ன வாய்

குழந்தைக்குப் பால் பற்கள் 20. பெரியவர்களுக்குப் பற்கள் 32. ஆறு வயதில் இந்த மாற்றம் தொடங்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை நடக்கிறது. கடைவாயின் கோடியில் வரும் ஞானப் பல் மட்டும் பதினேழு வயதுக்குப் பிறகு வரும். சிலருக்கு வராமலே போகும்.

புதுப் பல் பால் பல்லைவிடப் பெரியது. மேலே முன்புறம் உள்ள நாலு பால் பற்களையும், அந்த இடத்துக்கு வரும் நாலு புதுப் பற்களையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். புதுப் பற்களுக்கு ஏறக்குறைய 7 மில்லி மீட்டர் இடம் அதிகமாக வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் முகமோ இன்னும் குழந்தை முகம். தாடை வளர்ந்து முடியவில்லை. பெரிய ஆள் வந்து சின்ன நாற்காலியில் உட்கார்ந்தது போல் இருக்கிறது!

அதனால்தான் ஏழு வயது முதல் பதினொரு வயது வரை பல பிள்ளைகளுக்குப் பல் வரிசை பார்க்க நன்றாக இருப்பதில்லை. மேல் வரிசையில் நடுவில் உள்ள இரண்டு பற்களுக்கும் இடையே சந்து விழும். பக்கத்துப் பற்கள் விசிறி போல விரிந்து நிற்கும். பல் டாக்டர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். "அழகில்லாத வாத்துக் குஞ்சுப் பருவம்" என்பது அந்தப் பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த பிராட்பென்ட் என்ற டாக்டர் 1937-ல் இதை விளக்கி எழுதினார். உள்ளே கோரைப் பல் இறங்கி வருகிறது. அது பக்கத்துப் பல்லின் வேரை நெருக்குகிறது. அதனால் பல் சாய்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப் பல் வெளியே வந்ததும் நெருக்கல் மாறுகிறது. சின்னச் சந்துகள் பெரும்பாலும் தாமே மூடிக்கொள்கின்றன.

கீழ் வரிசையில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பால் பல் விழாமலே இருக்கும். அதன் பின்னால், நாக்குப் பக்கம், புதுப் பல் முளைத்துவிடும். இரண்டு வரிசைப் பல்! தாய் அலறிவிடுகிறாள். அலற வேண்டியதில்லை. பால் பல் ஆடினால், பிள்ளையே நாக்கால் அதை ஆட்டி ஆட்டி விழவைக்கும். அதன் பிறகு நாக்கு தள்ளத் தள்ளப் புதுப் பல் முன்னே வரும். இரண்டு மாதம் ஆகியும் பால் பல் ஆடவே இல்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும். நூலைக் கட்டிக் கதவோடு இழுப்பது கூடாது.

விழுந்த பால் பல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு வேர் இருக்காது. மொட்டையாக இருக்கும். வேர் எங்கே போயிற்று? கீழே இருந்து வரும் புதுப் பல்லுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிட்டது. பால் பல்லின் வேலை மெல்லுவது மட்டும் அல்ல. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதன் வேலை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா? அது மாதிரி!

"விழுகிற பல்தானே!"

நியாயமான கவலை இங்கேதான் இருக்கிறது. ஆனால், அது ஏழு வயதில் வரவேண்டிய கவலை அல்ல. நாலு வயதிலேயே வந்திருக்கவேண்டும்.

நாலு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பால் பல்லில் கறுப்புப் புள்ளி விழுகிறது. பிறகு குழி விழுகிறது. பிள்ளை வலி என்று அழுகிறது. "விழுகிற பல்தானே, போகட்டும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். தாய் சொல்கிறாள், தகப்பன் சொல்கிறார், பாட்டியும் சொல்கிறாள். இதைப் போலக் கெடுதலான பேச்சு வேறு இல்லை.

ஏன்? கடைவாய்ப் பால் பல் விழவேண்டிய வயது பத்து, பதினொன்று. அது ஐந்து வயதில் சொத்தையாகி விழுந்தால், அந்த இடம் ஐந்து ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும். ஆறு வயதில் பின்னால் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல், அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்து வரும். இடம் பறிபோய்விடும். உரிய பல் வரும்போது உட்கார இடம் இருக்காது. மேல் வரிசையில் கோரைப் பல் கடைசியாக வருகிறது. அதற்கு இடம் இல்லாவிட்டால் ஈறின் மேல் ஏறி, வெளியே துருத்தி நிற்கும். அதுதான் தெத்துப்பல். எல்லாத் தெத்துப்பல்லும் இப்படி வந்ததல்ல. குடும்ப வாகினால் வருவதும் உண்டு. ஆனால், தடுத்திருக்கக்கூடிய தெத்துப்பல் இது.

ஆறு வயதில் வரும் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் அது சத்தம் இல்லாமல் முளைக்கிறது. அதனால் பல தாய்மார்கள் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும் "இது விழுந்து வேறு முளைக்கும்" என்று இருந்துவிடுகிறார்கள். முளைக்காது. அது ஆயுசுக்கும் ஒரே பல். ஆறு வயது முடிந்த பிள்ளையின் வாயைத் திறந்து, இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில், நடுவில் இருந்து எண்ணினால் ஆறாவதாக நிற்பதுதான் அந்தப் பல்.

சொத்தை எப்படி வருகிறது? பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளை தூங்குகிறது. சர்க்கரை போட்ட பால் இரவு முழுவதும் பல்லில் நிற்கிறது. பிறகு டீயில் தோய்த்த பிஸ்கட். பள்ளிக்கூட வாசலில் மிட்டாய். ஒரே தடவையாகத் தின்றுவிட்டு வாய் கொப்பளித்தாலும் பரவாயில்லை. நாள் முழுவதும் கொறித்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஏழு வயது வரை பிள்ளைக்குத் தானே பல் தேய்க்கத் தெரியாது. பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். இரவிலும் தேய்க்கவேண்டும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு பற்பசை போதும். அது புளோரைடு கலந்ததாக இருக்கட்டும். செங்கல் தூளும் கரியும் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. சில பிள்ளைகள் விரல் சூப்பும். நாலு வயதுக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. புதுப் பல் வரும் வயதிலும் சூப்பினால் மேல் பல் முன்னே தள்ளிவிடும். இதற்காகக் கையில் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். சூடு வைப்பேன் என்று மிரட்டுகிறார்கள். பயந்த பிள்ளை இன்னும் அதிகமாகச் சூப்பும்! சூப்பாத நாளைக் காலண்டரில் குறித்து, பாராட்டிச் சொன்னால் பலன் உண்டு. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். அதைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டவேண்டும்.

அவசரம் யாருக்கு?

ஏழு வயதில் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. அமெரிக்காவில் பல் சீரமைப்பு டாக்டர்களின் சங்கமும் இதையே சொல்கிறது. காட்டுவது வேறு, கம்பி போடுவது வேறு. இதைத்தான் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழுந்து கடித்தால் தாமதிக்கக்கூடாது. வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் போனாலும் அப்படியே. ஒரு பக்கம் புதுப் பல் வந்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கம் வராவிட்டால் காட்டவேண்டும். பால் பல் சீக்கிரமே விழுந்திருந்தால், அந்த இடத்தைக் காக்கச் சின்னக் கம்பி வளையம் ஒன்று வைப்பார்கள். அதற்குப் பெரிய செலவு இல்லை.

மற்றபடி, முன் பல் துருத்தி நிற்கும் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கம்பி போட்டால் நல்லதா? பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு இதை ஆராய்ந்தது. 2018-ல் முடிவை வெளியிட்டது. சீக்கிரம் தொடங்கினால், விழுந்து அடிபட்டு முன் பல் உடைவது குறைகிறது. மற்றபடி, பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரே தடவையாகச் செய்துகொண்டவர்களைவிட வேறு லாபம் தெரியவில்லை என்பது அந்த முடிவு. எனவே ஏழு வயதில் நகை அடகுக் கடைக்குப் போகவேண்டாம்!

பிறகு கம்பி போட்டாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்கே ஓடப்பார்க்கும். அதைப் பிடித்துவைக்க "ரிடெய்னர்" என்ற பிளேட்டை டாக்டர் சொல்லும் வரை மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

அழகு யார் கணக்கு?

பெண் குழந்தைக்குப் பல் கோணினால் வீடே கலங்குகிறது. "நாளைக்குப் பெண் பார்க்க வருவார்களே!" ஏழு வயதுக் குழந்தைக்கு இந்தப் பேச்சு! பையனுக்குக் கோணினால் யாரும் கவலைப்படுவதில்லை. அவனுக்கு மட்டும் சொத்தை வராதா? பல் தேய்ப்பது எளிதாகிவிடுமா?

தெத்துப்பல்லை அழகு என்று சொன்ன ஊர் நம் ஊர். ஜப்பானில் அதற்கு "யாயெபா" என்று பெயர். 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் அங்கே இளம் பெண்கள் காசு கொடுத்துத் தெத்துப்பல் வைத்துக்கொண்டார்கள்! இங்கே அதை எடுக்கக் காசு, அங்கே வைக்கக் காசு.

பிள்ளையைப் "பல்லன்" என்றும் "தேங்காய்த் துருவி" என்றும் முதலில் அழைப்பது பள்ளிக்கூடம் அல்ல. பல வீடுகளில் சித்தப்பாவும் அத்தையும்தான். அவர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். பிள்ளை வாயைப் பொத்திச் சிரிக்கத் தொடங்கும். அதைத் தாய் கண்டித்துத் தடுக்கவேண்டும். உறவு முறைக்குப் பயப்படவேண்டியதில்லை.

ஒரு நாள் சம்பளம்

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-ல் தொடங்கியது. குழந்தைகளின் பல்லுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. பல் சீரமைப்புக்கும் தனிப் பிரிவு உண்டு. மண்ணூர்பேட்டையில் இருப்பவர்கள் கொரட்டூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கலாம். கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்கவேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தங்கள் மருந்தக டாக்டரிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். பல்லுக்கு ஒரு தடவை போய் முடிவதும் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு இது பெரிய இழப்பு. "விழுகிற பல்தானே" என்ற பேச்சுக்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. இந்த இழப்பும் காரணம்.

எனவே டாக்டர்தான் பிள்ளையிடம் வரவேண்டும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வரவேண்டும். அவர்கள் பார்க்கும் குறைகளில் பல் சொத்தையும் ஒன்று. பிள்ளை கையில் சீட்டு கொடுத்தால் அது புத்தகப் பையின் அடியில் போய்விடும். ஆசிரியை தாயை அழைத்து நேரில் சொல்லவேண்டும். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மாநகராட்சி மனம் வைத்தால், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளியிலேயே பல் டாக்டரை உட்காரவைக்கலாம். சொத்தையை அங்கேயே அடைக்கலாம். அன்று ஷிப்டு இல்லாத தகப்பன், பிள்ளையைத் தாமே அழைத்துவரட்டும்.